பத்தாம் நம்பரில் அசையாத கால்

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நீங்கள் எல்லாரும் என்னோடு ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவர்கள். ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றோம். முட்டி வலியிலிருந்து பிரஷர் மாத்திரை வரைக்கும் இப்போது எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அந்தக் கடைக்குள் மட்டும் நான் வருவதில்லை. "வாசல் வரைக்கும் வந்துட்டு ஏன் லா உள்ள வர மாட்டேங்கிற? ஓசிதானே?" என்று ஒருத்தி கேட்டாள். "அவளுக்கு எப்பவும் சந்தேகம்தான். புருஷனையே வாரண்டி கேட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்று இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

கடையை நான் பார்க்காமல் இல்லை. மலாக்கா டவுனை ஒட்டிய நம் பத்து பெரண்டாம் ஊர்க் கடைவரிசையில் முன்பு மீன் தொட்டி விற்ற இடம். வெள்ளை நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் காலுக்கு ஒரு சூட்டுப் பாய், அதிலிருந்து ஒரு வயர். இருபது நிமிஷம் உட்கார்ந்தால் போதும், உடம்பில் உள்ள அழுக்கெல்லாம் கரைந்துவிடுமாம். சீருடை போட்ட பிள்ளைகள் 'அம்மா, அம்மா' என்று குழைகிறார்கள். பேரப்பிள்ளைகளின் பெயரைக்கூட மனப்பாடம் பண்ணி விசாரிக்கிறார்கள். கடைசியில் மைக் வருகிறது. ஒருத்தி முதுகு வலி போச்சு என்கிறாள், ஒருத்தி தூக்கம் வருது என்கிறாள், ஒருத்தி இனிப்பு நீரே, சர்க்கரை வியாதியே, இறங்கிப்போச்சு என்கிறாள். எல்லாரும் கை தட்டுகிறீர்கள்.

ஒருநாள் வாசலில் நின்றபடியே அங்கிருந்த பையனிடம் கேட்டேன். "இதுக்குள்ள என்ன தம்பி ஓடுது?"

"எனர்ஜி, அம்மா."

"என்ன எனர்ஜி?"

"நல்ல எனர்ஜி, அம்மா."

அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அந்த மைக்கைப் பார்த்தாலே எனக்குப் பயம் வருகிறது. இது இன்று நேற்று வந்ததில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்தது.

செலண்டார் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம். அப்போது லயத்து வீடுகளுக்கு வெளிச்சம், தோட்டத்து இன்ஜின் ஓடினால்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு 'டுக் டுக்' என்று கிளம்பும், பத்து மணிக்கு நிற்கும். கரண்டு என்பது எங்களுக்கு நாலு மணி நேரச் சரக்கு. அதனால் அதன் மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை இருந்தது. மழைக்காலம் முடிந்து மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியிருந்த நேரத்தில், ஒரு சாயங்காலம் வெள்ளை வேனில் அந்த ஆள் வந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பெட்டிக்காரர் என்றுதான் தோட்டமே கூப்பிட்டது.

பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில்தான் பெட்டியை வைத்தார். தொட்டில் கயிறுகளைத் தூக்கி உத்தரத்தில் செருகிவிட்டு, நடுவில் ஒரு மேசை, அதன் மேல் தேக்கு நிறத்தில் பெட்டி. முன்பக்கம் சிவப்பு பல்பு ஒன்று, ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் நம்பர் போட்ட திருகு ஒன்று. பின்னாலிருந்து இரண்டு வயர்கள் வந்து இரண்டு பித்தளைத் தகடுகளில் முடியும். தகடுகளின் மேல் உப்புத் தண்ணீரில் நனைத்த துணி. அதில் பாதத்தை வைக்க வேண்டும். கொட்டகையில் வழக்கமாக வரும் பால் புளித்த வாடையோடு, சூடான பித்தளை வாடையும் ஈரத்துணி வாடையும் சேர்ந்துகொள்ளும். அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"நான் டாக்டர் இல்லீங்க. டாக்டருங்க கைவிட்டவங்க வர்ற இடம் இது" என்பார் பெட்டிக்காரர். பணிவாகப் பேசுவது போலத்தான் இருக்கும். இரண்டாம் முறை கேட்டால்தான் அதிலுள்ள கர்வம் புரியும்.

முதல் வாரம் வந்தவர்களை எல்லாம் இரண்டாம் வாரம் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். "என்னாங்க, இப்ப எப்படி இருக்கு?"

நம் ஆட்களைத் தெரியாதா உங்களுக்கு? வீட்டுக்கு வந்தவர் 'உடம்பு எப்படி' என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? சாகக் கிடந்தாலும் "தேவலங்க" என்றுதான் சொல்வோம். 'இல்லை' என்பது நல்ல வாக்கு இல்லை. சொன்னால் அது நிலைத்துவிடும் என்று பயம். கேட்டவர் மனசும் நோகக் கூடாது. அதனால் வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தேவலங்க, தேவலங்க என்று சொன்னார்கள். பெட்டிக்காரர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா? நான் சொல்லல, அவங்க சொல்றாங்க" என்றார். எங்கள் மரியாதையை அவர் மருந்துச் சீட்டாக மாற்றிக்கொண்டார். அது புரிய எனக்கு நாற்பது வயது ஆனது.

ஒரு வேடிக்கையையும் சொல்கிறேன். ஒரு சாயங்காலம், இன்னும் நன்றாக வெளிச்சம் இருந்தது, யாரும் விளக்குப் போடவில்லை. வெளிக்காட்டு ஆட்களை வேலை வாங்கும் தண்டல் தகடுகளின் மேல் கால் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். திடீரென்று இன்ஜின் சத்தம் நின்றது. பெட்டியின் சிவப்பு பல்பும் அணைந்தது. தண்டல் மட்டும் அசையாமல், "ஆகா... சுரீர் சுரீர்னு ஏறுதுங்க, இடுப்பு வரைக்கும் வந்திருச்சு" என்றார். பிள்ளைகள் நாங்கள் குபீரென்று சிரித்துவிட்டோம். "மாமா, கரண்டே இல்ல மாமா!" என்று கத்தினேன். பெட்டிக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "உள்ள போன கரண்டு உடனே வெளிய வந்திருமா பாப்பா?" என்றார். பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு முதுகில் ஓர் அடி விழுந்தது. அடித்தது அப்பா.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பால்மரம் வெட்டியவள். ஒல்லி, குள்ளம், அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு இனிப்பு நீர் இருப்பதைத் தோட்டத்து டிரெஸ்ஸர்தான் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் மருந்து கொடுப்பவர், புண் கட்டுபவர், ஊசி போடுபவர் எல்லாம் அவர் ஒருவரே. சிடுமூஞ்சி. யார் போனாலும் முதலில் திட்டுவார், அப்புறம்தான் நாக்கை நீட்டச் சொல்வார். அம்மாவுக்கு ஒரு புட்டியில் வெள்ளை மாத்திரை கொடுத்து, "ஒரு நாள் விடக் கூடாது, காலைப் பத்திரமா பாத்துக்க, விட்டா காலு போயிரும்" என்று கத்தி அனுப்பினார். அவரைத் தோட்டத்தில் யாருக்கும் பிடிக்காது. பெட்டிக்காரர் சிரித்துப் பேசினார், இவர் சீறிப் பேசினார். ஜனங்கள் யாரிடம் போவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

அந்த வருஷம் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. அம்மாவின் சிலிப்பரைப் பொறுக்கி வருவது. நீல வார் போட்ட ஜப்பான் சிலிப்பர். கோயிலுக்குப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும் வலது கால் சிலிப்பர் கழன்று பாதையில் கிடக்கும். அம்மா அது தெரியாமல் வெறுங்காலோடு போய்க்கொண்டே இருப்பாள். கல்லிலும் முள்ளிலும் நடந்து போவாள். நான் பின்னால் ஓடிப் போய்க் கொடுத்தால் காலைக் குனிந்து பார்த்து, "அட, எப்ப கழண்டுச்சு?" என்பாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருமுறை அப்பாவிடம் சொன்னேன். "ஒங்கம்மாவுக்கு ஞாபக மறதி" என்று முடித்துவிட்டார்.

மூன்றாம் வாரம் அம்மா பெட்டியில் கால் வைத்தாள். ஆண்களே நாலாம் நம்பரில் 'ஐயோ' என்று காலை எடுத்துவிடுவார்கள். ஆறு வரைக்கும் தாங்கிய லோரி டிரைவர் ஒருவர்தான் அதுவரை வீரர். அம்மா உட்கார்ந்தாள். பெட்டிக்காரர் திருகினார். கூட்டம் சேர்ந்து எண்ணியது. மூன்று, நாலு, அஞ்சு. "சுருக்குன்னு இருக்காம்மா?" "இல்லீங்க." ஆறு, ஏழு. அம்மா வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. திருகு அதற்கு மேல் போகாது. அம்மாவின் கால் அசையவில்லை.

அப்புறம் தண்டல் எழுந்து கை கூப்பினார். "வருஷா வருஷம் தீ மிதிக்கிற காலுங்க இது. கரண்டு என்ன பண்ணும்? ஆத்தா பாத்துக்கிறா" என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். பெட்டிக்காரர் முகத்தில்கூட அப்போது உண்மையான ஆச்சரியத்தைப் பார்த்தேன். அந்த ஆள் முழுப் பொய்யன் என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மறுநாள் பூரா எங்கம்மா பத்தாம் நம்பர், எங்கம்மா பத்தாம் நம்பர் என்று சொல்லித் திரிந்தேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி ஆயின. பெட்டிக்காரர் வேனில் அம்மாவையும் அப்பாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு மற்றத் தோட்டங்களுக்குப் போனார். நியாலாஸ் பக்கம் மட்டும் நாலு தோட்டம் போனோம். வேனில் குஷன் சீட், ஜன்னல் காற்று, வழியில் சாப்பிட மீ கோரேங், குடிக்க ஆரஞ்சுத் தண்ணீர். அம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவாள். மேடையில் உட்கார்ந்து பத்தாம் நம்பர் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருப்பாள். "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்பார் பெட்டிக்காரர். "ரொம்பத் தேவலங்க" என்பாள். கூட்டம் கலையும்போது நாலைந்து பேர் தவணையில் பெட்டி வாங்கப் பெயர் கொடுப்பார்கள். அதுவரை அம்மாவுக்காக யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை. வீட்டில் அப்பாகூட அவளிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார். வெள்ளை மாத்திரைப் புட்டி சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

டிரெஸ்ஸருக்கு விஷயம் போனது. ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது சைக்கிளை நிறுத்தி என்னை மறித்தார். அன்றைக்கு என்று பார்த்து, அம்மாவின் சிலிப்பர் ஒன்றை ஆற்றுப் பாலத்துக்கிட்டே கண்டெடுத்து முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன்.

"ஒங்கம்மாவுக்குக் காலுல உணர்ச்சி இருக்கா? சிலிப்பர் கழண்டா தெரியுதா?"

அந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பதிலைச் சொன்னால் வேன் வராது என்பது மட்டும் புரிந்துவிட்டது. மீ கோரேங் வராது. அம்மா மறுபடியும் வாய் திறக்காத அம்மாவாகிவிடுவாள்.

"தெரியும் சார்" என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா சார். எங்கம்மாவுக்கு இப்ப தேவல சார்."

அவர் என்னையே பார்த்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எல்லாரும் சொன்ன பொய்யைவிட இது பெரியது, ஏனென்றால் இவர் ஒருவர்தான் உண்மையைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். என் வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் சாட்சி அதுதான்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து சிலிப்பரைக் கையில் எடுத்தபோது ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில், தகடு படும் இடத்தில், தோல் வெள்ளையாக உப்பி நடுவில் கறுத்திருந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன். "இல்லையே" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் சந்தோஷப்பட்டார். "பெட்டிக்காரர் சொன்னாருல்ல? கெட்ட நீர் காலு வழியா வெளிய வரும்னு. வருது பாரு!" மறுநாள் காலையில் வாசலில் கிடந்த சிலிப்பரில் எறும்பு மொய்த்திருந்தது. அப்பா அதை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். "இனிப்பு மொத்தமா எறங்கிருச்சு" என்றார். நாலைந்து பேர் வந்து எட்டிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். படித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்தது. அம்மா அந்தக் காலோடு போய் மறுபடியும் பத்தாம் நம்பர் வைத்துக்கொண்டு வந்தாள்.

நாற்றம் வந்த பிறகுதான் டிரெஸ்ஸரைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலில் நின்றபடியே மூக்கைச் சுளித்தார். உள்ளே வந்து ஒரு ஊசியை எடுத்து அம்மாவின் கால் விரலில் குத்தினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குத்தினார். குதிகாலில் குத்தினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வந்ததும்தான் "ஸ்ஸ்" என்றாள். அவர் அன்று யாரையும் திட்டவில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். தோட்டத்து லோரியில் அம்மாவை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். உயிரைக் காப்பாற்ற வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காலில் உணர்ச்சி எப்போதோ செத்திருந்தது. அதனால்தான் பத்தாம் நம்பர் தெரியவில்லை. வியாதியைத்தான் நாங்கள் அருள் என்று கும்பிட்டோம், குலவை போட்டோம், ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினோம். பெட்டிக்காரர் அதற்கப்புறம் எங்கள் தோட்டத்துப் பக்கம் வரவே இல்லை.

ஆனால் அம்மாவின் பேச்சு மட்டும் அவரோடு வேனில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு புருஷனும் பெண்சாதியும் லயத்துக்கு வந்தார்கள். "பத்தாம் நம்பர் அம்மா வீடு எது பாப்பா? நாங்க நியாலாஸ்லேருந்து வர்றோம்" என்று அந்த ஆள் கேட்டார். அவர் பெண்சாதி கால் விரல்களில் துணி சுற்றியிருந்தாள். நான் வீட்டைக் காட்டினேன்.

அம்மா சாரோங் கட்டி, பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாரோங் இரண்டு காலையும் மூடியிருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் இனிப்பு நீருங்கக்கா. டாக்டர் மாத்திரைய விடாதேங்கிறாரு. இவுரு பெட்டிய வாங்கலாங்கிறாரு. ஒங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா எனக்குத் தைரியம் வந்திரும். ஒங்களுக்கு இப்ப தேவலயாக்கா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் வாய் அந்த வார்த்தைக்குப் போய்விட்டதைப் பார்த்தேன். உதடு 'தே' என்று பிரிந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. சாரோங்கை மெதுவாக முட்டிக்கு மேலே தூக்கினாள்.

வந்தவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அந்த ஆள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"இல்ல" என்றாள் அம்மா. தேவலையா என்று கேட்டவரிடம் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் சொன்னத அத்தனை பேருகிட்ட போய்ச் சொன்னாங்கல்ல? இதையும் போய்ச் சொல்லுங்க. மொதல்ல நீ ஒன் மாத்திரைய முழுங்கு."

அவள் முழுங்கினாளா, விரல்கள் பிழைத்தனவா, தெரியாது. அவர்கள் திரும்பி வரவில்லை. அம்மா அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் புட்டியை எடுத்துவரச் சொன்னாள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தாள். சிலிப்பர் வாங்கும்போதெல்லாம் ஜோடியாகத்தான் வாங்கினாள், கடைக்காரர் ஒற்றையாகக் கொடுக்கமாட்டார் என்று. வலது கால் சிலிப்பர்கள் எல்லாம் தேயாமல் கட்டிலுக்கடியில் கிடந்தன. டிரெஸ்ஸர் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது கடைக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகள் அன்பாக இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுகிறார்கள், இவர்கள் தினமும் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார்கள். அங்கே உட்கார்ந்து கதை பேசுங்கள், காப்பி குடியுங்கள். ஆனால் மைக்கை நீட்டும்போது நீங்கள் சொல்கிற தேவலையை நான் நம்பமாட்டேன். அது நம் வாயில் பிறந்தபோதே ஊறிய வார்த்தை.

போன வியாழக்கிழமை வாசலில் நான் நின்றிருந்தேன். உங்களில் ஒருத்தியைப் பற்றி அந்தப் பையன் மைக்கில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "நம்ம அம்மாதான் இங்க சேம்பியன். சூட்டுப் பாயை ஃபுல்லா வச்சாலும் சூடே தெரியலன்னு சொல்றாங்க." நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அவளும் சிரித்தாள், எங்கம்மா சிரித்த மாதிரியே. அப்புறம் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே காருக்கு நடந்தாள். பாதி வழியில் வலது கால் சிலிப்பர் கழன்றது. மத்தியான வெயிலில் தார் கொதிக்கிறது. அவள் வெறுங்காலோடு நடந்து போய், காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யாரென்று பெயர் சொல்லமாட்டேன். உனக்கே தெரியும். வீட்டில் தேடியிருப்பாய். உன் சிலிப்பர் என்னிடம் இருக்கிறது. பச்சை வார், ஓரத்தில் பூப் போட்டது. கடைக்கு வந்து கேட்டால் தரமாட்டேன், வீட்டுக்கு வந்து கேட்டாலும் தரமாட்டேன். நாளைக் காலை எட்டு மணிக்கு அரசாங்கக் கிளினிக் வாசலில், நம்பர் எடுத்துக்கொண்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்து வாங்கிக்கொள். காலில் ஊசி குத்திப் பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால், தயவுசெய்து உண்மையைச் சொல்.